சிறுகுறிஞ்சான் இலையும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும்

எங்கள் வீட்டுக்குப் பொடி வாங்க யார் வந்தாலும் முதலில் வேலியிலிருந்து ஒரு சிறுகுறிஞ்சான் இலையைப் பறித்துக் கொடுப்பேன். மென்று, சாறு நாக்கு முழுவதும் படட்டும், பிறகு துப்பிவிடுங்கள் என்பேன். முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவு கசப்பு. அடுத்து ஒரு சிட்டிகைச் சர்க்கரையை அவர்கள் உள்ளங்கையில் வைப்பேன். வாயில் போட்டுக்கொண்டால் இனிப்பு இருக்காது. மணலைத் தின்றதுபோல நறநறவென்று இருக்கும். அந்த நேரத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்: நாக்கிலேயே சர்க்கரையை இல்லாமல் பண்ணுகிற இலை ரத்தத்தில் பண்ணாதா என்று.

நாக்கு வேறு, ரத்தம் வேறு என்பது எனக்குத் தெரியும். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று முப்பத்தொரு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். அந்த இலையில் இருக்கும் ஒரு பொருள், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்துவைக்கிறது. சிறிது நேரத்தில் சரியாகிவிடும். வித்தை அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரையையும் அது ஓரளவு குறைக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. குறைக்கலாம். ஆனால் அதை உள்ளங்கையில் வைத்த சர்க்கரையைக் கொண்டு நிரூபிக்க முடியாது. தெரிந்தே மூன்று வருடம் இதைச் செய்தேன்.

தொழிலை ஆரம்பித்தது என் மனைவி. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள். ஓய்வு பெற்றதும் அலுவலகக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் நெம்மேலியில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினோம். மணல் நிலம். அவள் ஆசைப்பட்டு வைத்த ரோஜா வரவில்லை. கேட்காமலே வந்தவை ஆடாதொடையும் தூதுவளையும் வேலியில் ஏறிய சிறுகுறிஞ்சானும்தான். பிடுங்கிப் போட மனமில்லாமல் அவற்றுக்கே தண்ணீர் விட ஆரம்பித்தாள். நிலவேம்பு, கற்பூரவள்ளி, கீழாநெல்லி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இருமல் என்று வந்த பக்கத்து மனைக்காரர்களுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவர்கள் சொல்லி வேறு யாரோ வந்தார்கள். காசு கொடுத்தே தீருவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததில்தான் அது தொழிலானது.

கடலோரத்தில் இலை காய்வது எளிதல்ல. மொட்டைமாடியில் பரப்பினால் மத்தியானம் மொறுமொறுப்பாக இருப்பது சாயங்காலக் காற்றில் துவண்டுபோகும். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். அதனால் மாடி அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறிக்குக் கீழே என் பழைய வேட்டிகளை விரித்துக் காயவைப்பாள். ஓர் இலையை எடுத்துக் காதருகே வைத்து நொறுக்குவாள். சத்தம் சரியில்லை என்றால் அன்று அரைக்க மாட்டாள். அரைத்ததைத் துணியில் சலித்து, பழுப்புக் காகித உறையில் போட்டு, பின்பக்கத்தில் கையாலேயே எழுதுவாள்: பொடியின் பெயர், அரைத்த நாள், சாப்பிடும் அளவு. சிறுகுறிஞ்சான் பொட்டலத்தில் மட்டும் கடைசியாக ஒரு வரி கூடுதலாக இருக்கும். ‘டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.’

“வாங்கறப்பவே வாயால சொல்லிடறோமே, இது எதுக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நிறுத்தலாமான்னு தோணுற நேரத்துல நாம பக்கத்துல இருக்க மாட்டோம். பொட்டலம்தான் இருக்கும்” என்றாள்.

முதல் வருடம் நான் இதில் தலையிடவில்லை. பேப்பர் படிப்பேன், நடைக்குப் போவேன், யாருக்கும் வேண்டாதவனாக வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து பொடி வாங்க வந்த ஒருவர், நான் எங்கே வேலை பார்த்தேன் என்று விசாரித்துவிட்டு, “அப்ப நீங்க விஞ்ஞானி!” என்றார். நான் விஞ்ஞானி அல்ல. தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிற பிரிவில் இருந்தேன். நல்ல வேலைதான், ஆனால் விஞ்ஞானி என்ற பதவி எனக்குக் கிடைத்ததில்லை. அவரைத் திருத்தவில்லை. மறுவாரம் அவர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் இலையையும் சர்க்கரையையும் முதன்முதலில் கையில் எடுத்தேன். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு லேபிள் அச்சடிக்கத் திருப்போரூருக்குப் போனேன். ‘ஓய்வுபெற்ற விஞ்ஞானியின் வீட்டுத் தோட்டத்திலிருந்து’ என்று மேலே போட்டேன். கீழே என் பட்டம். மருந்து என்று போட்டால் உரிமம் கேட்பார்கள் என்பதால் ‘மூலிகைப் பொடி’. மனைவி எழுதுகிற அந்தக் கடைசி வரியும் என் தாளில் இருந்தது. அச்சகக்காரர் கணினியில் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, “கடைசி லைன் வேணுமா சார்? இடம் இடிக்குது” என்றார்.

இடம் இடித்தது உண்மை. என் பட்டத்தை எடுத்திருந்தால் இடித்திருக்காது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வாடிக்கையாளர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாத்திரையும் சாப்பிடணும்னா அப்புறம் இது எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டு வாங்காமல் போயிருந்தார். அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. “எடுத்துடுங்க” என்றேன்.

அச்சான லேபிளை மனைவியிடம் காட்டினேன். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. பெரிய எழுத்து தெரியும், சின்ன எழுத்து தெரியாது. தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாம் போட்டாச்சா?” என்று கேட்டாள்.

“எல்லாம் இருக்கு” என்றேன்.

உலர்த்துவதும் அரைப்பதும் அவள், உறையில் போட்டு ஒட்டுவது நான் என்று வேலை பிரிந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

இனி ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா காலத்தில் விவசாயம், இவர் காலத்தில் ஆட்டோ. எங்களுக்கு வெளியே போக வேண்டுமென்றால் அவருக்குத்தான் போன் செய்வோம். அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஒருநாள் நானே அவரைக் கூப்பிட்டு இலையைக் கொடுத்தேன்.

“இன்னா சார், ஆட்டுக்குப் போடறத எனக்குக் குடுக்கற?” என்றார்.

மென்று துப்பினார். சர்க்கரையைக் கொடுத்தேன். வாயில் போட்டவர் அப்படியே நின்றார். இன்னொரு சிட்டிகை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“மண்ணு மாதிரி கீது சார்” என்றார் மெதுவாக.

பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “ஹெல்த் சென்டர்ல மாசா மாசம் மாத்திர குடுக்கறாங்க. அத்த துன்னா வவுத்தக் கலக்குது. சவாரி நடுவுல பேஜாராப் பூடுது சார். இத்த துன்னா அது வேணாம் இல்ல?”

கேள்வி நேரானது. நான் சொன்ன பதில் இது: “உங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும். பாத்துக்குங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் பொய் கிடையாது. அதை வைத்து யாரும் என்னைப் பிடிக்கவும் முடியாது. அறிக்கை எழுதியே பழகியவனின் வாக்கியம். வேண்டாம், நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகத்திலிருந்த அந்த ஆச்சரியம் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் எங்கள் பொடிக்குப் பெரிய விளம்பரமாகிவிட்டார். மாமல்லபுரம் பார்க்க வந்தவர்களைச் சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவார். நான் வெளியே வருவதற்குள் அவரே இலையைப் பறித்துவிடுவார். “துன்னு அண்ணாத்த, ஒண்ணியும் ஆவாது. அப்பால சக்கரையப் போடு. சார் இன்னா லேசுப்பட்ட ஆளா? விஞ்ஞானி.” அவர் தெருவிலும் நாலு வீட்டுக்கு வாங்கிப் போய்க் கொடுத்தார்.

இப்படிப் பத்து மாதம் போயிற்று. அதற்குள் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்தது. கடைசிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக அவர் ஆட்டோவைக் கொண்டுவந்திருந்தார். நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி ஆட்டோவில் ஏறப் போனவள் நின்றுவிட்டாள்.

“என்ன தம்பி கால்ல?”

வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தார். “கருவ முள்ளு குத்திச்சிம்மா. பத்து நாளாச்சி. வலியே இல்ல.”

“அவுங்க.”

அவிழ்த்தார். நான் நின்ற இடத்துக்கே வாடை வந்தது. கட்டைவிரல் கறுத்திருந்தது.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“அத்த நிறுத்தி பத்து மாசம் ஆச்சேம்மா. பொடிதான். சாராண்ட கேட்டுக்கினுதான்.”

“பொட்டலத்துலயே எழுதியிருக்கே தம்பி, நிறுத்தக் கூடாதுன்னு.”

“இன்னாம்மா எழுதிகீது?” என்று முன்னால் கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

மனைவி வாங்கிப் படித்தாள். இப்போது அவளுக்குச் சின்ன எழுத்தெல்லாம் தெரிந்தது. முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். மறுபடியும் முன்பக்கம். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரே செடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இடம் இல்ல” என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “தம்பி, கண் ஆஸ்பத்திரி வேண்டாம். உங்களுக்குத்தான் இப்ப ஆஸ்பத்திரி. வேற ஆட்டோவ வரச் சொல்லுங்க” என்றாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். அதற்கும் பிறகு முழங்காலுக்குக் கீழே. ஆட்டோவுக்குப் பிரேக் வலது காலில்தான். அவர் அதைச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ தடவை அதில் போயிருந்தும் நான் கவனித்ததில்லை.

சாத்துக்குடிப் பையோடு பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “பாருங்க சார் இந்த ஆள. குடுத்த மாத்திரைய நிறுத்திகீறாரு. கேட்டா, சாராண்ட கேட்டேன்றாரு. படிச்சவங்க சொல்லுவாங்களா அப்டி? இதுக்கு வாயத் தொறந்தா பொய்யி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று பார்த்தேன். “உடுமே” என்றார் மனைவியிடம். “தப்பு என்துதான்.” நான் பையை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தேன்.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். லேபிளில் வரியை எடுத்தபோது யார் கால் போகும் என்று எனக்குத் தெரியாது. இங்கே எல்லாம் தெரிந்து, எதிரில் ஒருவன் என் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தொழில் நின்றது. சண்டை எதுவும் இல்லை. மனைவி வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்தாள். மீதமிருந்த லேபிள்களை அடுப்பில் போட்டாள். பொடி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றாள். என்னிடம் சாப்பாடு, மருந்து, மின்கட்டணம் என்று தேவையானதை மட்டும் பேசினாள். ஒருமுறை மட்டும், “நீங்களா சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்றாள். நான் பேப்பரை எடுத்து விரித்தேன். ஒரு வருடத்துக்கும் மேலே இப்படி ஓடிவிட்டது.

போன மாதம் ஆட்டோக்காரர் போன் செய்தார். “சார், வூட்ல அதுக்கும் சக்கரைன்னு சொல்லிட்டாங்க. ஒரு பொட்டலம் கெடைக்குமா? உங்க பொடி மேல தப்பு இல்ல சார். நான் புத்தி கெட்டுப் போயி மாத்திரைய நிறுத்துனதுதான். நாக்கு இனிப்பே அறியல, அப்ப மருந்து வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் அவர் பேசுவது அவளுக்கும் கேட்டது. கை நின்றது, தலை நிமிரவில்லை. “நேர்ல வரேன்” என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவை விற்றுவிட்டார்கள் என்பது தெரியும். ஊர்க்காரர்களுக்குப் போனில் ஆட்டோ பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், வெறுங்கையோட வந்துகீற?”

உட்காராமலே சொன்னேன். இலை நாக்கை மட்டும்தான் அடைக்கிறது, ரத்தத்துக்கும் அந்த வித்தைக்கும் சம்பந்தமில்லை, அது எனக்கு முதல் நாளே தெரியும். நான் விஞ்ஞானியும் இல்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று என் மனைவி எழுதி வந்த வரியை நான்தான் எடுத்தேன். நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது நிறுத்துவீர்கள் என்று தெரிந்தேதான் மழுப்பினேன்.

அவர் போனில் ஏதோ மணி அடித்தது. எடுக்கவில்லை.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

காலில்லாத பக்கம் மடித்திருந்த லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “இரு. அத்தக் கூப்புடறேன். இத்தயே அதாண்ட சொல்லு” என்றார். சார் என்பது அவர் பேச்சிலிருந்து போய்விட்டிருந்தது.

அவர் மனைவி ஈரக் கையோடு வந்தார். திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

“இத்தினி நாளா உன்னத் திட்டிக்கினு கீறேனே. ஏன் நீ சொல்லல?”

“சொன்னேனே. நீதான் நம்பல. படிச்சவங்க அப்டி சொல்லுவாங்களான்னு கேட்ட.”

அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து செருப்பை மாட்டினார்.

“இந்தத் தெருவுல நாலு வூட்ல உங்க பொடி கீது. ஒருத்தரு ஒருத்தருக்குக் குடுத்து வச்சிகினு கீறாங்க. யாரு மாத்திர துன்றாங்க, யாரு துன்னலன்னு எனக்குத் தெரியாது. வாங்க, அங்கயும் வந்து சொல்லுங்க.”

அந்த அம்மாள் முன்னால் நடக்க, பின்னாலேயே போனேன். முதல் வீட்டில் ஒரு முதியவர் கட்டிலில் இருந்தார். அவரிடம் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறியது. பாதியில் நின்று தண்ணீர் கேட்டுக் குடித்தேன். இரண்டாவது வீட்டில் பரவாயில்லை. மூன்றாவது வீட்டுக்குப் போனபோது வாக்கியங்கள் தாமாகவே வரிசையாக வந்தன. ‘அறிவியல் ரீதியாகப் பார்த்தால்’ என்று ஆரம்பித்தேன். அந்த வீட்டுப் பெண் மரியாதையாகத் தலையாட்டத் தொடங்கினாள்.

ஆட்டோக்காரரின் மனைவி குறுக்கிட்டார். “மொத வூட்ல சொன்ன மாதிரி சொல்லுங்க.”

நிறுத்தினேன். திரும்ப ஆரம்பித்தேன். நான் உங்களை ஏமாற்றினேன் என்று தொடங்கினேன். அந்தப் பெண் தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நான்காவது வீட்டில் ஒரு லாரி டிரைவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப மாத்திர துன்னணுமா?” என்றார்.

“சாப்பிடணும். டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது” என்றேன்.

நாலு வீட்டிலும் மீதமிருந்த பொட்டலங்களை அந்த அம்மாள் வாங்கி, ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். “எடுத்துகினு போங்க” என்றார். திரும்பி வரும்போது வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. கூப்பிடலாமா என்று நின்றேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டி உள்ளே போய் மீதிக் கதவையும் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தேன். “சொன்னீங்களா?” என்றாள் மனைவி.

“சொன்னேன்.”

“அந்தம்மாவும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

அவள் பைக்குள் கையைவிட்டுப் பொட்டலங்களை எடுத்து மேசையில் அடுக்கினாள். ஏழு இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பி, தன் கடைசி வரி இருந்திருக்க வேண்டிய பின்பக்கத்தைப் படித்தாள்.